களஞ்சிய அறைப் பிரிண்டர்

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பகுதியில் வேலை செய்தேன். ஒரே கணினியில் இருபது டெர்மினல்கள். எந்த வகைக் கடிதம் எந்தப் பிரிண்டருக்குப் போகவேண்டும் என்று அமைப்பது என் வேலை. ஒருநாள் சோதனைக்காக வேலை உறுதிக் கடிதங்களை மட்டும் களஞ்சிய அறையின் பழைய பிரிண்டருக்குத் திருப்பிவிட்டேன். பிறகு மாற்ற மறந்துபோனேன்.

பொதிசெய்யும் பகுதியில் நின்ற சிவம் அண்ணை, கொழும்பிலிருந்த மனைவியை ஸ்பொன்சர் செய்து கூப்பிட வேலை உறுதிக் கடிதம் கேட்டிருந்தார். மூன்று தரம் அச்சுக்குக் கொடுத்தாயிற்று என்றாள் செயலாளர். கடிதம் வரவில்லை.

"தம்பி, உந்தக் கொம்பியூட்டரில ஏதும் பிழையோ?" என்று என்னிடம் வந்தார்.

"பிழை ஒண்டும் இல்லை அண்ணை. அவள் அடிச்சிருக்க மாட்டாள்," என்றேன், திரையைப் பார்த்தபடியே.

கடிதம் இல்லாமலே கெடு முடிந்து அவருடைய விண்ணப்பம் திரும்பி வந்தது.

அடுத்த மாதம் கேபிள் தேடிக் களஞ்சிய அறைக்குப் போனேன். பிரிண்டரிலிருந்து கிழிக்காத தாள் தரைவரை தொங்கியது. அதில் அவருடைய கடிதம், மூன்று தரம்.

கிழித்துக் குப்பையில் போட்டேன். கடிதங்களைப் பழையபடி அலுவலகப் பிரிண்டருக்கே திருப்பிவிட்டு, புதுக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து மனைவி வந்து சேர்ந்தார். "இவர்தான் கடிதம் எடுத்துத் தந்த தம்பி," என்றார் அண்ணை. அவர் மனைவி என்னைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன்.