இரண்டு எஞ்சின், ஒரு பரல்

தம்பியின் படகில் இரண்டு எஞ்சின். இரண்டாவதை வாங்கச் சொன்னது நான். அதற்கு முன் ஒருமுறை ஒற்றை எஞ்சின் கடலில் நின்று, வேறு படகு கட்டி இழுத்து வந்தது. அன்றிலிருந்து அவன் மனைவிக்கு நித்திரை இல்லை.

எஞ்சின் திருத்துகிறவர் கைக் கிறீசைத் துடைத்துக்கொண்டே கணக்குச் சொன்னார்.

“ஒரு எஞ்சின் பத்துத் தரம் போனால் ஒருக்கா நிக்குமெண்டு வையுங்கோ. மற்றதும் அப்பிடித்தான். ரெண்டும் ஒரே நாளிலை நிக்கிறதெண்டால், பத்தைப் பத்தாலை பெருக்குங்கோ. நூறு தரத்திலை ஒருக்கா.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்தக் கணக்கு விளங்கியது. அவளுக்கும் சொன்னேன். அதன்பிறகுதான் அவள் நித்திரை கொண்டாள்.

அன்று காலை ஆறு மணிக்கு வரவேண்டியவன் எட்டாகியும் வரவில்லை. போன் எடுபடவில்லை. சோளகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. நான் கயிற்றைச் சுருட்டினேன். குலைத்தேன். திரும்பச் சுருட்டினேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

வலையில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்துப் படகுக்காரன் சிரித்தான்.

“உவனுக்கென்ன, ரெண்டு எஞ்சின்காரன். ரெண்டு பெண்சாதி கட்டினவன் மாதிரி எதோடை வாறதெண்டு யோசிச்சுக்கொண்டிருப்பான்.”

“ஒண்டையே ஒழுங்காய் வைச்சிருக்கத் தெரியாதவை கதைக்கினம்” என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

எனக்கு நிற்க ஏலவில்லை. கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்போம் என்று என் படகைத் தள்ளினேன். எஞ்சின் இரண்டு தரம் இருமியது. நின்றது. மறுபடி இழுத்தேன். நின்றது.

எஞ்சினுக்கு எண்ணெய் போகும் பிளாஸ்டிக் கானில் இருந்த மண்ணெண்ணெயை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி வெயிலுக்குப் பிடித்தேன். மேலே எண்ணெய். கீழே மூன்று விரல் தண்ணீர்.

என் வீட்டு வளவில் நிற்கும் பரலில், அந்த இரும்புப் பீப்பாயில், எடுத்த எண்ணெய் அது. போன கிழமை மழை பெய்தபோது மூடியை நான் இறுக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் அதிலிருந்துதான் தம்பியின் இரண்டு கானையும் நிரப்பினேன். பிறகு என்னுடையதை. கானுக்குள் விடும் குழாய் அடிவரைக்கும் போகும்; தண்ணீரைத்தான் முதலில் உறிஞ்சும். போகும்போது பழைய கானில் இருந்த மிச்சத்தில் ஓடியிருப்பான். திரும்பும்போதுதான் புதுக் கான்.

திருத்துகிறவரின் கணக்கில் அந்த எஞ்சின் தன்பாட்டில் நிற்கும், இந்த எஞ்சின் தன்பாட்டில் நிற்கும். அப்படியென்றால்தான் பெருக்கலாம். இங்கே இரண்டும் ஒரே பரலில் குடித்தவை. ஒன்று தண்ணீரால் நின்றால் மற்றதும் நிற்கும். இப்போது என்னுடையதும் நின்றுவிட்டது. நூறு எங்கே? பத்துக்கூட இல்லை.

சொன்னால் பிழை என் தலையில். சொல்லாவிட்டால் இவர்கள் மத்தியானம் வரைக்கும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். காற்று அவனை வெளியே தள்ளும்.

போத்தலோடு அவளிடம் போனேன்.

“பிள்ளை, உவன்ரை ரெண்டும் நிண்டிருக்கும். நான்தான் நிரப்பினனான்.”

அவள் போத்தலைப் பார்த்தாள். “நூறிலை ஒருக்கா எண்டியள், அத்தான்” என்றாள்.

பக்கத்துப் படகுக்காரன் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். “ஏறு. உன்ரை எண்ணெயை மட்டும் கொண்டு வராதை.”

காற்றுப் போகும் பக்கமே ஓடினோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நான் உட்காரவில்லை. கடைசியில் ஒரு கறுப்புப் புள்ளி. தம்பி. எஞ்சின் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். உதடு வெடித்திருந்தது.

“ரெண்டும் நிண்டிட்டுது, அண்ணை. அந்த நூறிலை ஒண்டு இண்டைக்குத்தான் போலை.”

“இல்லையடா. பரலுக்கை தண்ணி. மூடியை நான் இறுக்கேல்லை.”

அவன் எஞ்சின் மூடியைத் திரும்பப் பூட்டினான். பிறகு கயிற்றை எறிந்தான்.

கரையில் அவள் அவனைத்தான் பார்த்தாள். என்னை இல்லை. அடுத்த நாள் பின்னேரம் இரண்டாவது எஞ்சினின் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடையில் எண்ணெய் வாங்கப் போனாள். இன்றுவரைக்கும் அந்தக் கானை அவள்தான் நிரப்புகிறாள். முதல் கான் என் பரலில். அதைத் தம்பி மாற்றவில்லை.

மூடியை நான் இரண்டு தரம் பார்ப்பேன். இருந்தும் ஐந்தரைக்கே கரைக்குப் போய்விடுகிறேன்.