வசந்துக்கு ஒதுக்கிய இடம்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் இருக்கிறது வெள்ளைச்சாமியின் வீடியோ ஸ்டூடியோ. அங்கே நாகராசு கேமராவும் பிடிப்பார், படங்களைச் சேர்த்து வைக்கும் சர்வரையும் பார்த்துக்கொள்வார். இதில் வெள்ளைச்சாமிக்கு ஓர் ஆள் சம்பளம் மிச்சம், நாகராசுக்கு இரண்டு ஆள் மரியாதை. வசந்த் ட்ரோனோடு வந்து சேரும் வரை இருவருமே திருப்தியாக இருந்தார்கள்.

வாடிவாசல் ஓரத்தில் புழுதி தின்று நாகராசு எடுத்த ஜல்லிக்கட்டுப் படங்களை மாட்டுக்காரர்கள் இப்போது கடமைக்குப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "மேல பறக்க விட்டு எடுத்த தம்பி எங்கங்க?" என்று கேட்டார்கள். நாகராசு அதைப் பொறாமை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். வயிறு சரியில்லை என்பார்.

பங்குனியில் பேக்கப் டிஸ்க் நிரம்பிவிட்டது. சர்வரில் இருப்பதற்கெல்லாம் அன்றாடம் ஒரு பிரதி அதில் போய் உட்கார வேண்டும், உட்கார இடமில்லை. சர்வரில் பழையதை அழித்துவிடுவதால், பிறகு யாராவது கேட்டால் அந்தப் பிரதிதான் கதி.

"பெரிய டிஸ்க்கா வாங்கியாச்சு. யாருக்கு எவ்வளவுன்னு நீங்களே பிரிச்சு விடுங்க" என்றார் வெள்ளைச்சாமி.

நாகராசு முறையாகத்தான் ஆரம்பித்தார். கல்யாணம், காதுகுத்து எல்லாம் மாதத்துக்கு எவ்வளவு சேருகிறது, முகூர்த்த மாதத்தில் எவ்வளவு கூடும், எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று பார்த்து, மேலே கொஞ்சம் விட்டு ஒதுக்கினார். அந்த நேர்மை ட்ரோன் வரைக்கும் வந்து நின்றுகொண்டது. எல்லாவற்றிலும் கனமான ட்ரோன் படத்துக்கு மூலையில் ஒரு துண்டு, அதுவும் நிரம்பினால் பழையது தானாக அழியும்படி. மீதி முழுவதும் தன் கேமராவுக்கு.

"அண்ணே, இது ஒரு சீசனே தாங்காதேண்ணே?"

"ஒனக்குத்தான் வானம் பூரா எடம் இருக்கேப்பா."

"சரிண்ணே" என்று வசந்த் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் நாகராசுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆடியில் நார்த்தாமலை மருதாயி வந்தார். அவருடைய மயிலைக்காளை செத்துவிட்டது. புதைத்த இடத்தில் நாளைக்குக் கல் நடுகிறார்கள். கல்லில் பதிக்கப் படம் வேண்டும்.

"வல்லத்திராக்கோட்டையில துள்ளிக்கிட்டு வந்துச்சுல்ல, அதக் குடுங்கய்யா."

நாகராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். வல்லத்திராக்கோட்டை ஜல்லிக்கட்டு ஒரு நொடி விடாமல் அவரிடம் பத்திரமாக இருந்தது. எதையும் அழிக்க வேண்டிய நெருக்கடி வராததால் ஒரே படம் நாலு இடத்தில் இருந்தது, எல்லாவற்றுக்கும் கேமரா தானாகப் போட்ட எண்தான் பெயர். மயிலை நிற மாடுகளோ கணக்கில்லை. கண் பூக்கத் தேடி ஒன்றை நிறுத்தினார்.

"இதானே ஆத்தா?"

"இதுவா? திமிலு சப்பிப்போயில்ல கெடக்கு! எம்புள்ள திமிலு இப்படியா இருக்கும்?"

இன்னும் மூன்று மாடுகளை மருதாயி மறுத்தார். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைச்சாமியின் முகம் சுருங்கியது.

"ஆத்தா, இங்கிட்டு வாங்க" என்றான் வசந்த்.

இடம் போதாததால் அவன் ஒவ்வொரு ஜல்லிக்கட்டு முடிந்ததும், மாடு வாடியைத் தாண்டிப் பாயும் துண்டை மட்டும் வெட்டி வைத்திருந்தான். மாட்டை அவிழ்க்கும்போது மைக்கில் ஊரையும் உடையவர் பெயரையும் சொல்கிறார்களே, அதையே பெயராகப் போட்டிருந்தான். 'நார்த்தாமலை மருதாயி' என்று தட்டினான். மயிலை பாய்ந்தது.

மருதாயி திரையைத் தடவி அழுதார். "எம்பேரச் சொல்லி வச்சிருக்கியே சாமி!"

நாகராசு டீ வாங்கப் போனார். கடையில் நிற்கும்போதுதான் புத்தியில் பட்டது: அவனைக் கெட்டிக்காரனாக்கியது தான் கொடுத்த அந்தத் துண்டு இடம்தான். அப்படியானால் மருந்தும் கையிலேயே இருக்கிறது; இடம் தாராளமானால் அவனும் தன்னைப் போலக் குவித்து வைத்துவிட்டுத் தேடுவான். திரும்பி வந்ததும் தன் இடத்தில் பாதியை அவனுக்கு எழுதிவிட்டார்.

"இனிமே எதையும் வெட்டாத. வந்ததெல்லாம் அப்படியே போட்டு வை, என்ன?"

வசந்துக்குக் கண் கலங்கியது. "ஒங்களப் போயி தப்பா நெனச்சுட்டேண்ணே."

நாகராசுக்கு வெகுநாள் கழித்து வயிறு லேசானது.

"இம்புட்டு எடம் எனக்கெதுக்குண்ணே?" என்றான் வசந்த். "ஒங்க மாடுகளுக்கும் நானே பேரு போட்டு இதுலயே சேத்துர்றேன். யாரு வந்து கேட்டாலும் நானே எடுத்துக் குடுத்துருவேன்ல."

நாகராசு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார்.