நான்காவதாக வாசித்த பெயர்

புது வருஷத்தின் முதல் ஆராதனையில், இறந்தவர்களின் பட்டியலில் என் பெயரை வாசித்தார்கள். நான் அப்போது பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில், மடியில் பாட்டுப் புத்தகத்தோடு, நல்லபடியாக உயிரோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கோயிலில் ஜனவரி முதல் தேதி காலையில், போன வருஷம் இறந்துபோனவர்களின் பெயர்களை ஐயர் வாசிப்பார். சபைப் போதகரைத்தான் ஐயர் என்போம். பெயர் வாசித்ததும் அந்த வீட்டார் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பெயர். பழைய ஐயருக்குக் கொடைக்கானலில் எங்கள் எல்லாரையும் முகம் பார்த்தே தெரியும். அவர் மாற்றலாகிப் போய், டிசம்பரில்தான் கீழ்நாட்டிலிருந்து புது ஐயர் வந்திருந்தார். குளிர் தாங்காமல் அங்கிக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். எங்களில் யார் செத்தது, யார் இருப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நோட்டில் இருந்ததை வாசித்தார்.

அன்றைக்குப் பனிமூட்டம் கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டது. பின் பெஞ்சுகளில் ஆள் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது. மூன்று பெயர் வாசித்தாயிற்று. மூன்று வீட்டார் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்போது பெண்கள் பக்கத்தில் என் அம்மா எழுந்து நின்றாள். ஐயர் இன்னும் வாயே திறக்கவில்லை. முட்டி வலிக்கிறது போல என்று நினைத்தேன். அதன்பிறகுதான் ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது, அப்பா பெயரும் தெருப் பெயரும் சேர்த்து, ஒரு எழுத்து பிசகாமல்.

யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நேரே பார்த்தபடி நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். ஐயர் ஜெபத்துக்குப் போய்விட்டார். "நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொட்டதற்கெல்லாம் சண்டைக்கு நிற்கிற எனக்கு அன்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத்தான் தோன்றியது. அடுத்த பாட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த வாரம் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. பதினொரு வருஷமாக வட்டக்கானலில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை. கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் மேலாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போக எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அப்பா இல்லை, அம்மா தனி. அவளிடம் கேட்டதற்கு "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இப்படி இழுபறியில் இருந்தவளுக்குக் கோயிலிலேயே சாவு அறிவித்தால் என்ன தோன்றும்? போனால் செத்துப்போவேன் என்றுதான் தோன்றியது. படித்தவள்தான், இருந்தாலும்.

வெளியே கேக் தட்டோடு நின்றவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவரும் ஹேப்பி நியூ இயர் சொல்லவில்லை. ஒரு அக்கா மட்டும் கிட்டே வந்து என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடாத்தான் இருக்கு" என்றாள். அதையும் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், என்னிடம் இல்லை.

கோயிலைக் கூட்டி, மணியடித்து, நோட்டும் எழுதுகிறவர் கோயில்பிள்ளை. அவரைப் போய்ப் பிடித்தேன்.

"எந்தப் புண்ணியவான் என் பேரை எழுதுனது?"

"ஒங்க அம்மாதாங்க வந்து சபைப் பதிவுலருந்து ஒங்க பேரை வெட்டச் சொன்னாக. வெட்டுன பேரை எழுத நோட்டுல வேற பக்கம் இல்ல. இதுவரைக்கும் செத்தவுக பேரை மட்டுந்தான் வெட்டிருக்கோம். அந்தச் செத்தவுக பக்கத்துலயே போட்டேன். ஐயரு அப்படியே வாசிச்சுட்டாக."

பெற்றவளே வெட்டச் சொல்லியிருக்கிறாள். மூட்டத்துக்குள் வீட்டுக்கு இறங்கி நடந்தேன். எதிரே வந்த இரண்டு பேர் என்னைப் பார்க்காமலே தாண்டிப் போனார்கள். மூட்டத்தில் அப்படித்தான் போவார்கள் என்று தெரியும். ஆனாலும் என் கையை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா கோயில் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பு முன்னால் நின்றாள். "என் பேரை ஏன் வெட்டச் சொன்ன?" என்று கத்தினேன்.

"இங்க வெட்டாம கோயம்புத்தூர் கோயில்ல எப்படிப் பதிவாங்க?" என்றாள். "சிலோன்ல அப்படித்தான். ஒரு தோட்டத்துல பேரு வெட்டுனாத்தான் அடுத்த தோட்டத்துல சேப்பாங்க. வெட்டலைன்னா அதே லயத்து வீட்டுல கெடக்க வேண்டியதுதான். நீயா வெட்டமாட்ட. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெழவியாயிருவ."

இருபது வயது வரை சிலோனில் தேயிலை பறித்தவள். இந்தியாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும், அவளுக்கு எல்லாப் பதிவேடும் கூலிக்காரர் பெயர் எழுதுகிற தோட்டத்துச் செக்ரோல்தான்.

"செத்தவங்களோட சேத்து வாசிப்பாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"கோயில்பிள்ளை சொன்னாரு, நாலாவதா வரும்னு. வேற பக்கம் இல்லைன்னாரே, என்ன செய்ய?"

"வாசிக்கிறதுக்கு முன்னாடியே ஏன் எந்திரிச்ச?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒம் பேரு காதுல விழுந்த பெறகு எந்திரிக்கக் காலு வராதுன்னு பயந்துட்டேன்."

திங்கட்கிழமை வரை நான் காத்திருக்கவில்லை. அழுதுகொண்டே, அந்த அடுப்படியில் நின்றபடியே, வருகிறேன் என்று ஹோட்டலுக்குச் செய்தி அனுப்பினேன்.