வெள்ளை அடித்த பெட்டி

1. செவ்வாய்க்கிழமை வந்த அழைப்பு

ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பனியில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். பெட்டி கட்டுவது, எடை போடுவது, பேப்பர் எழுதுவது, விமானத்தில் ஏற்றுவது. இவ்வளவுதான் வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஐரோப்பிய நாடு ஒன்றின் இராணுவமும் உண்டு. பெயர் வேண்டாம். பெரிய நாடும் இல்லை, சின்ன நாடும் இல்லை. வெளிநாட்டு அமைதி காப்புப் பணிகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் அனுப்ப அதனால் முடியாது. இருநூறு பேரை அனுப்பும். ஆனால் அந்த இருநூறு பேரும் ஒரு வேலையை முழுதாகப் பொறுப்பெடுப்பார்கள். ஆப்பிரிக்காவில் அவர்கள் பொறுப்பெடுத்தது தண்ணீர். ஆற்று நீரைச் சுத்திகரித்து, தங்கள் முகாமுக்கும் வேலிக்கு வெளியே கூடாரங்களில் இருந்த சனங்களுக்கும் குழாயில் விட்டார்கள். அதற்கான பம்ப் இங்கிலாந்தில் செய்யப்படுவது. பழைய பம்ப் பழுதானதும் புதியதைப் பெட்டி கட்டி அனுப்பியவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி அழைத்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர் என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“ராஜன் அண்ணை, நான் கப்டன் மோகனா. பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஐரோப்பாவில, அம்மா அப்பான்ர ஊர் அளவெட்டி. பம்ப் வந்திட்டுது. ஆனா இங்க விமான நிலையத்தில மறிச்சு வச்சிருக்கினம். பெட்டியில முத்திரை இல்லையாம்.”

“முத்திரை இல்லாமல் நான் ஒரு பெட்டியும் அனுப்புறேல்லை, தங்கச்சி.”

“நானே சுத்திச் சுத்திப் பாத்தனான் அண்ணை. எல்லாப் பக்கமும் வெள்ளை பெயின்ட்தான் இருக்கு.”



2. நான் செய்த காரியம்

மரப்பெட்டியில் சரக்கு அனுப்பினால், அந்த மரத்தைச் சூடேற்றிப் பூச்சிகளைக் கொன்றிருக்க வேண்டும். அதற்குச் சாட்சியாகப் பெட்டியில் ஒரு முத்திரை இருக்கும். முத்திரை தெரியாவிட்டால் எந்த நாட்டுத் தாவரப் பரிசோதகரும் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

அமைதி காப்புப் பணியில் வாகனம் முதல் வாளி வரை எல்லாம் வெள்ளை. இந்தப் பெட்டியின் மூடிக்கு வெள்ளை அடித்துக் கறுப்பில் எழுதச் சொல்லியிருந்தார்கள். மூடிக்கு மட்டும். நான்தான், இவ்வளவு முக்கியமான சாமான் பார்க்க இலட்சணமாகப் போகட்டும் என்று, பெட்டி முழுவதும் இரண்டு தரம் அடித்தேன். அடித்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று ரசித்தும் பார்த்தேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

“எத்தினை நாள் இருக்கு?” என்று மோகனாவிடம் கேட்டேன்.

“வியாழன் பின்னேரம் பிளேனில பெட்டியைத் திருப்பி ஏத்துவினம். போத்தல் தண்ணி எங்கட ஆக்களுக்கு மட்டும்தான் காணும். வெள்ளிக்கிழமை வெளிக் குழாயைப் பூட்டச் சொல்லி ஓடர் வந்திட்டுது. பூட்டினா அந்தச் சனம் திரும்ப ஆத்துத் தண்ணியைத்தான் குடிக்கும் அண்ணை. போன தரம் குடிச்சு எத்தினை பிள்ளையளுக்கு வயித்தாலை போனதெண்டு நான் கண்ணால பாத்தனான்.”

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமைதிப்படை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முகம் கறுக்கும். எங்கள் ஊரில் அந்தப் பெயரோடு வந்தவர்களைக் கண்டு ஓடிய தலைமுறை நான். இந்த வாடிக்கையாளரின் வேலையையும் கூலிக்கு மாரடிப்பதாகத்தான் அதுவரை செய்து வந்தேன். ஆனால் வேலிக்கு வெளியே நிற்கிற சனம் யார் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் வாளியோடு அப்படி வரிசையில் நின்றவன்.

3. அப்டன் பார்க்கும் சிவநேசன் அண்ணையும்

பெட்டி செய்தவர் அப்டன் பார்க்கில் பட்டறை வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர் பாலமுருகன். தொலைபேசியில் கேட்டால் அவசரத்தில் ‘ஆமாம்’ என்றுவிடுவார் என்று நேரிலேயே போனேன். முத்திரையை மையில் குத்தியிருந்தால் பெயின்டோடு சேர்ந்து அதுவும் போய்விடும். என் பயம் அதுதான்.

“மையெல்லாம் நம்ம கிட்ட கிடையாது சார். இரும்பைக் காய வெச்சுச் சுட்டுருவேன். நீளப் பக்கம் ரெண்டுலயும், இடது கை மூலையில, கீழ. பெயின்ட்டை சுரண்டுங்க, கண்டிப்பா இருக்கும்” என்றார். நம்பிக்கை வராமல், அதே அச்சைச் சுட்ட ஒரு பலகைத் துண்டுக்கு அங்கேயே வெள்ளை அடித்து, காய்ந்ததும் சுரண்டிப் பார்த்தேன். முத்திரை இருந்தது.

ஆனால் மறித்து வைத்த பெட்டியை யாரும் தொட முடியாது. சூடேற்றாத மரத்தை மறைக்கத்தான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அங்கிருந்த தாவரப் பரிசோதகர் சந்தேகப்பட்டார். நியாயமான சந்தேகம். என்ன நடந்தது என்று அனுப்பியவர்கள் எழுத்தில் தர வேண்டும், அதைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று மோகனாவிடம் சொல்லியிருந்தார்.

என் முதலாளி சிவநேசன் அண்ணை சுவிஸிலிருந்து இங்கே வந்து கம்பனி தொடங்கியவர். கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர்.

“எங்கட பிழை எண்டு எழுதினா அடுத்த கான்ட்ராக்ட் போச்சுது. பெட்டிக்காரன் முத்திரை குத்த மறந்திட்டான் எண்டு எழுது” என்றார்.

“அப்பிடி எழுதினா அந்த மனுசன்ர முத்திரை குத்துற லைசன்ஸ் போகும். முத்திரையே இல்லை எண்டு நாங்களே ஒத்துக்கொண்டா பெட்டியும் திரும்பி வரும். தண்ணியும் இல்லை. ஆருக்கு லாபம் அண்ணை?”

“அப்ப உன்ர பேரில எழுது. பிரச்சினை வந்தா உன்ர வேலைதான் போகும், சொல்லிப்போட்டன்.”

“ஓம், எழுதுறன்.”

ஹரோவில் என் வீட்டுக்கு இன்னும் ஒன்பது வருடம் கடன் கட்ட வேண்டியிருந்தது. அது நினைவில் இருக்கும்போதே எழுதினேன். முதல் வரி இதுதான்: ‘இந்தப் பெட்டிக்கு வெள்ளை அடித்தவன் நான்.’ பிறகு ஏன் அடித்தேன், முத்திரை எந்த மூலையில் இருக்கிறது, பலகைத் துண்டில் எப்படிச் சோதித்தேன் என்று படத்தோடு விளக்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

4. வியாழன்

மத்தியானம் மோகனாவிடமிருந்து செய்தி வந்தது. ‘பரிசோதகர் ஒரு மணித்தியாலம் தந்திருக்கிறார். சுரண்டப் போறன்.’

அங்கே சரக்குக் கொட்டகைக்குள் தொலைபேசி கொண்டுபோக முடியாது. அந்த ஒரு மணி நேரமும் நான் தவறான எடையில் இரண்டு பேப்பர் எழுதிக் கிழித்துப் போட்டேன். சிவநேசன் அண்ணை மூன்று தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு அழைப்பு வந்தது. மோகனாவுக்கு மூச்சு வாங்கியது.

“முதல் பக்கத்தில போர்க்லிப்ட் இடிச்சு மூலை சிதைஞ்சு போச்சு. பாதி முத்திரைதான் இருந்தது. வாசிக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டார். மற்றப் பக்கம் சுவரோட இருந்தது. ஆறு பேர் சேர்ந்து பெட்டியைத் திருப்பினம். அதில வடிவா இருந்தது அண்ணை. கையெழுத்துப் போட்டுத் தந்திட்டார்.”

அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

“இன்னொண்டு. ஏன் நேரம் தந்தனீங்கள் எண்டு அவரிட்டக் கேட்டனான். ‘இருபது வருசமா எனக்கு வாற கடிதமெல்லாம் பிழைக்கு வேற ஆளைத்தான் காட்டும். இந்த மனுசன் முதல் வரியில தன்னைக் காட்டியிருக்கிறான்’ எண்டு சொன்னார்.”

வெள்ளி காலை பம்ப் பொருத்தப்பட்டது. வெளிக் குழாய்கள் பூட்டப்படவில்லை.

என் வேலை போகவில்லை. அதே இராணுவம் அடுத்த வருடமும் எங்களிடம் வந்தது. இம்முறை பெட்டி முழுவதற்கும் வெள்ளை அடிக்கச் சொன்னார்கள், முத்திரை இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு. இப்போது என் கையால் போகும் ஒவ்வொரு வெள்ளைப் பெட்டியிலும் உள்ளங்கை அளவு மரம் வெறுமையாகத் தெரியும். பார்க்க அவ்வளவு இலட்சணமாக இருக்காது.

படைகளைப் பற்றிய என் எண்ணம் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் மோகனா அனுப்பிய ஒரு படம் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அந்தப் பெட்டியின் பலகைகளை வெளிக் குழாயடியில் உட்கார வாங்காகப் போட்டிருக்கிறார்கள். வரிசையில் நின்று களைத்த ஒரு பெண் அதில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வாளி நிறைந்துகொண்டிருக்கிறது.