கரிப்புகை என்று நினைத்தோம்

ஹோ பியோங்கு பெரியப்பாவுக்கு எண்பத்தொரு வயது. எங்கள் தேபேக் மலைச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் கரி வெட்டியவர். சுரங்கத்தை மூடிய பிறகு அவராக எடுத்துக்கொண்ட வேலை, சர்ச் படிகளில் விழும் பனியைக் கூட்டுவது. யார் தடுத்தாலும் கேட்கமாட்டார். "ஆண்டவரு வர்ற வழி, வழுக்கிடக் கூடாதில்ல" என்பார்.

அவர் மனைவி கரிப்புகையில் போனவர். தரையைச் சூடாக்க எரியும் கரி உருளையின் புகை அறைக்குள் கசிந்து, தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. அதிலிருந்து எந்தக் குளிரிலும் பெரியப்பா ஜன்னலைக் கையகலம் திறந்தே வைப்பார். கரி உருளையும் ஒன்றுக்கு மேல் போடமாட்டார்.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, மணி ஒன்பதாகியும் படிகளில் பனி அப்படியே கிடந்தது. சர்ச் சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கை ஓடவில்லை. கத்தியைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

பெரியப்பா தரையில் உட்கார்ந்து, காலுறையைக் கையில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழறினார். "இரு... கரி வண்டி... இன்னும் மேல வரல..."

பக்கத்து வீட்டுப் பெண் கும்சில் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்ன தாத்தா, காலங்காத்தாலயே தண்ணி போட்டாச்சா? எங்க, ஊதுங்க பாப்போம்!"

குனிந்து முகர்ந்தவளின் முகம் வெளுத்துப்போனது. "வாசனையே இல்லக்கா. ஐயோ, இது கரிப்புகை!"

எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் யோசிக்கமாட்டார்கள். ஆளுக்கொரு தோளைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்து, பனிமேல் பாயை விரித்துக் கிடத்தினோம். கும்சில் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். நான் அவள் வீட்டு ஜாடியில் மேலே படிந்திருந்த ஐஸை உடைத்து, முள்ளங்கி ஊறிய உப்புத்தண்ணீரை மொண்டு வந்தேன். புகை பட்டவர்களுக்கு என் அம்மா அதைத்தான் கொடுப்பாள். ஊரே அதைத்தான் கொடுக்கும்.

"குடிங்க பெரியப்பா, நல்ல காத்து வாங்குங்க."

இரண்டு வாய் விழுங்கினார். பிறகு கண்ணை மூடி அடங்கிப்போனார். என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் அவர் வயிற்றில் கை வைத்ததும் கத்தினாள். "யாரு இவர வெளிய போட்டது? உடம்பு கட்டையா வெறைச்சிருக்கு!"

"புகைம்மா..."

"கூட வந்தவரு உள்ள மீட்டர் வெச்சுப் பாத்துட்டாரு, புகையே இல்ல, ஜன்னலு தெறந்தே கெடக்கு. குளிருதான் இவர இப்படி ஆக்கியிருக்கு!"

நான் பதறி அவர் காலைத் தேய்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "தேய்க்காதீங்க! இந்த நெலமைல ஆட்டினாலே நெஞ்சு நின்னுடும்."

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, முப்பத்தேழு இருக்க வேண்டிய உடம்புச் சூடு இருபத்தெட்டு டிகிரி.

"நடுங்கினாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க. அமைதியாத்தான் இருந்தாரு."

"அதுதான் மோசம். வயசான உடம்புக்குக் குளிர்றதே சரியாத் தெரியாது. ரொம்ப எறங்கிட்டா நடுங்கவும் தெம்பிருக்காது. நாக்கு குழறும், புத்தி தடுமாறும். பாக்கறவங்க குடிச்சிருக்கார்னு நெனைப்பாங்க."

சூடான காற்று ஊதும் போர்வைக்குள் அவரை வைத்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. நடையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தேன். ஜெபம் பாதியில் அறுந்து அறுந்து போனது. குளிரில் விறைத்தவருக்கு ஐஸ்தண்ணீர் ஊற்றிய கை இது என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை.

"உக்காருக்கா, தரை தேஞ்சுடும்" என்றாள் கும்சில். அவளும் உட்காரவில்லை.

இருபத்தொன்பது. முப்பது. அங்கேயே ஒரு மணி நேரம் நின்றது. சாப்பாட்டு நேரம் தாண்டியபின் முப்பத்திரண்டு.

திடீரென்று கட்டில் கம்பி கடகடவென்றது. பெரியப்பாவின் தாடை அடித்துக்கொண்டது, தோள் துள்ளியது. வலிப்பு என்று அலறினேன்.

ஓடி வந்த நர்ஸ் சிரித்தாள். "நடுங்குறாரும்மா. உடம்பு முழிச்சிருச்சு."

பெரியப்பா கண்ணைத் திறந்தார். பற்கள் மோத, எங்களைப் பார்த்து, "குளிருது" என்றார்.

"ஆமென்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொல்லிவிட்டேன்.