வலது கையால் மாட்டிய பல்ப்

எனக்கு வேலை கிடைத்தபோது புகுந்த வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு மணித்தியாலம் நன்றாகவே சந்தோஷப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் தொலைபேசி நிலையத்தில் இருந்து இணைப்புக் கொடுக்கும் வேலை. அரசாங்கச் சம்பளம், பின்னால் பென்சன். மாமி சர்க்கரைப் பொங்கல் பொங்கி, உரும்பிராயில் எங்கள் ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துச் செய்தி சொன்னார். ஒழுங்கை முடிந்த பிறகுதான் வேலை நேரம் என்னவென்று கேட்கத் தோன்றியது அவருக்கு. மத்தியானம் தொடங்கி மாலை ஆறரை வரை என்றேன். பொங்கல் பானையைக் கழுவும் முன்னரே வீட்டில் மாநாடு கூடிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் மாமா, மாமி, என் கணவர், பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் கலியாணத்துக்குக் காத்திருந்த அவருடைய தங்கை. மாமா இளைப்பாறிய தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. இருட்டுகிற நேரத்தில் குடும்பப் பெண் பஸ்ஸில் தனியாக வரக்கூடாது என்றார். பஸ்ஸை விட்டு இறங்கி வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே தனியாக நடந்து வருவது அதைவிடக் கூடாது என்றார் மாமி. சரி, உங்கள் மகனும் நகரத்தில்தானே அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கிறார், மோட்டார் சைக்கிளும் இருக்கிறது, கொஞ்ச நேரம் நின்று என்னை ஏற்றிக்கொண்டு வரட்டுமே என்றேன். மாநாடு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த லைற்றோடு இருட்டில் ஓட முடியாது என்றார். மாமி உடனே ஓமென்றார். மாமாவும் ஓமென்றார். இவர்கள் மூவரும் ஒரே விஷயத்தில் உடன்பட்டதை அன்றுதான் கண்டேன்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனபோது கொண்டுபோக மறந்த பல சாமான்களில் ஒன்று. பெரியப்பா ஒருவர் ஓட்டி, அலுத்து, கணவருக்குக் கொடுத்திருந்தார். எண்ணெய் குடிக்கும், எண்ணெய் கக்கும், உதைத்தால் திருப்பி உதைக்கும். முன்விளக்கு மங்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு இருட்டில் கோப்பாய் வரை போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பெற்றோல் ஊற்றாமல் திருப்பித் தந்ததைத் தவிர அவர் மேலும் குறையில்லை.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை நான் வேலையை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். நான் படித்த படிப்பு, எழுதிய பரீட்சை, கும்பிட்ட தெய்வங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பல்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

முதலில் கராஜ்காரரிடம் போனோம். நாட்டில் எதையும் இறக்குமதி செய்ய விடாத காலம் அது. வெங்காயம் போட்டவனெல்லாம் பணக்காரனானான், பல்ப் தேடியவனெல்லாம் பைத்தியக்காரனானான். கராஜ்காரர் எங்கேயோ ஒரு காரிலிருந்து கழற்றிய பெரிய பல்பைக் கொண்டுவந்து மாட்டினார். வெளிச்சம் வந்தது. ஆனால் அந்தப் பல்ப் எரிந்தால் ஹோன் அடிக்காது, ஹோனை அமத்தினால் பல்ப் மங்கும். இரண்டில் எது வேண்டுமென்று கேட்டார் கராஜ்காரர், ஏதோ எங்களுக்குச் சலுகை தருவது போல. இரண்டு கிழமையில் பற்றறியும் செத்தது. வேறு பற்றறி போட்டுப் பழைய பல்பையே திரும்ப மாட்டினோம்.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்பில்லாத மனிதர் அல்லர். கந்தோர் விட்டதும் எங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். சினேகிதர், சீட்டாட்டம், சினிமா ஒன்றும் கிடையாது. என் வயதுப் பெண்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மாலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போனால், திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் காலத்து உரும்பிராயில், நாலு பேர் நடக்கும் ஒழுங்கையில், ஒரு புருஷன் பெண்சாதியின் கையைப் பிடிப்பதென்றால் சின்ன விஷயமில்லை. கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் வெட்கப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன். உள்ளே எனக்கிருந்த பெருமைக்கு அளவில்லை.

திங்கட்கிழமைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கப்பலில் வேலை செய்த என் அண்ணை விடுமுறையில் வந்தார். தெல்லிப்பழையிலிருந்து எங்களைப் பார்க்க வந்தபோது, ஜேர்மனியில் வாங்கிய ஒரு சின்னப் பெட்டியை என் கையில் தந்தார். பல்ப் கதையை நான் கடிதத்தில் எழுதியதைப் படித்துவிட்டு வாங்கினாராம். புது விதமான பல்ப், பழைய பல்ப் இழுக்கிற அதே கரண்டில் இரண்டு மடங்கு வெளிச்சம் தருமென்று கடைக்காரன் சொன்னானாம். கொடுத்துவிட்டு, பஸ் போய்விடுமென்று ஓடிவிட்டார்.

பெட்டிக்குள் சுட்டுவிரல் அளவில்கூட இல்லாத ஒரு கண்ணாடித் துண்டு. கூடவே ஒரு தாள், முழுக்க ஜேர்மன் மொழி. எங்களுக்கு விளங்கியது அதிலிருந்த ஒரு படம் மட்டும்தான். ஒரு கை பல்பைப் பிடித்திருக்கிறது. அந்தக் கையின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. தாளை மூக்குக்கண்ணாடியோடும் இல்லாமலும் பார்த்த மாமா, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

“படத்திலை இருக்கிறது இடக்கை. இடக்கையாலை தொடக்கூடாதெண்டு போட்டிருக்கிறான். வெள்ளைக்காரனுக்கும் ஆசாரம் தெரிஞ்சிருக்கு.”

யாரும் மறுக்கவில்லை. நானும்தான். அன்று முழுவதும் அந்தப் பல்ப் மிகுந்த மரியாதையோடு வலது கைகளில் மாறி மாறிப் போனது. மாமா பார்த்தார், மாமி பார்த்தார், தோசைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்த மைத்துனி பாதியில் எழும்பி வந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணெய் தேய்த்த உடம்போடு வேலியால் எட்டி வாங்கிப் பார்த்தார். பின்னேரம் மாமி அதைத் தாம்பாளத்தில் வைத்துப் பிள்ளையாரிடம் கொண்டுபோனார். ஐயர் தீபம் காட்டினார். கண்ணாடியின் நட்ட நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துத் தந்தார். அந்தக் கோலத்திலேயே பல்பைக் கொண்டுவந்து கராஜ்காரரிடம் நீட்டினோம். அதைத் துடைக்கவா என்று கேட்டார் அவர். மாமி பார்த்த பார்வையில் துடைக்காமலே மாட்டிவிட்டார். வலது கையால்தான்.

சூரியன் விழுந்ததும் வெள்ளோட்டம். ஒழுங்கை முழுக்க வந்து நின்றது. என் கணவர் இரண்டாவது உதையிலேயே எஞ்சினை எழுப்பி விளக்கைப் போட்டார். எதிர் வேலியில் ஒவ்வொரு கிடுகு ஓலையும் தனித்தனியாகத் தெரிந்தது. வேலிக்குப் பின்னால் ஒளித்திருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த கராஜ்காரரின் மாமனாரும் தெரிந்தார்.

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தோட்டங்களுக்கு நடுவே கோப்பாய்ப் பக்கமாகப் போனோம். அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பகல் மாதிரி இருக்கிறதென்று மூன்று தரம் சொன்னார். வேலையில் சேர்ந்ததும் எனக்கொரு குடை வாங்க வேண்டும் என்றார். திங்கட்கிழமைக்கு என்ன சேலை உடுப்பதென்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

பிறகு முன்னால் டப்பென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. அவர் உடனே பிறேக்கை அமத்தி நிறுத்தினார். கருகிய சந்தனத்தின் மணம் கோயில் போலக் கமகமத்தது.

நான் இறங்கி முன்பக்கம் போய் விளக்கைக் குனிந்து பார்த்தேன். இன்னும் முழு இருட்டில்லை. மேற்கே வானம் வெளுத்துக் கிடந்தது. வெங்காயப் பாத்திகள் தெரிந்தன, கிணற்றடி தெரிந்தது, அவிழ்த்துக்கொண்டு போக மறந்துபோன ஓர் ஆடு தெரிந்தது. அவர் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றியபடி சீற்றிலேயே இருந்தார்.

“இஞ்சாரும், எங்கை நிக்கிறீர்?” என்றார்.

நான் அவருக்கு முன்னால், கை நீட்டினால் படுகிற தூரத்தில் நின்றேன். பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் கை வந்தது. காற்றில் தடவிக்கொண்டு வந்து, என் காதில் பட்டு, அங்கேயே நின்றது. அவர் கண்கள் என் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்தன. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

“உங்களுக்கு என்னைத் தெரியேல்லையோ?”

“தெரியேல்லை.”

“எப்ப இருந்து?”

“சின்னனிலை இருந்து. பொழுதுபட்டால் ஒண்டும் தெரியாது. நல்ல வெளிச்சம் எண்டால் மட்டும் கொஞ்சம்.”

மாலைக்கண். எங்கள் கலியாணத்துக்கு முன் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தபோது நொண்டுகிறேனா என்று அறிய என்னைக் குறுக்கும் நெடுக்கும் நடக்க விட்டார்கள். மாறுகண் இருக்கிறதா என்று ஒரு பெரியம்மா என் நாடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அவர்கள் வந்தது காலை பத்து மணிக்கு. பதிவாளர் வந்த கலியாண எழுத்து காலையில், முகூர்த்தமும் காலையில். நல்ல நேரமெல்லாம் ஏன் காலையிலேயே விழுந்தது என்பது எனக்குத் தோட்டத்து ரோட்டில் நின்றபோதுதான் விளங்கியது.

அதுகூடப் பரவாயில்லை. ஏமாற்றியதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கோயிலிலிருந்து வரும்போது என் கையைப் பிடித்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் கைக்கு நானும் ஒன்று, வேலிக் கதியால் தடியும் ஒன்று. எனக்கு ஆத்திரம் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சைக்கிளை நான் தள்ளினேன். அவர் பின்னாலிருந்த கரியரைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. சனம் கலைந்து போயிருந்தது. வாசல் படலையில் அரிக்கன் லாம்போடு நின்ற மாமி, யார் முன்னால், யார் பின்னால் என்று ஒரு பார்வைதான் பார்த்தார். மகனை உள்ளே போகச் சொன்னார். லாம்பைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, ஆரிட்டையும் சொல்லிப் போடாதை. குடும்பத்திலை கண்ணிலை குறையெண்டு கதை வந்தால் தங்கச்சியை ஆரும் கட்டமாட்டினம்.”

“சொல்லமாட்டன் மாமி,” என்றேன். “திங்கக்கிழமை வேலைக்குப் போறன்.”

மாமி கெட்டிக்காரி. யோசிக்க நேரமே எடுக்கவில்லை.

“ஓம் பிள்ளை, போ,” என்றார்.

திங்கட்கிழமை போனேன். வேலை ஆறரைக்கு முடிந்தது. கணவர் வெளியே சைக்கிளோடு நின்றார். பழைய மங்கல் பல்பே மறுபடி மாட்டப்பட்டிருந்தது. புதுப் பல்பின் கண்ணாடியில் எந்தக் கையும் படக்கூடாது, கறை பட்டால் சூட்டில் வெடிக்கும் என்பதுதான் அந்தச் சிவப்புக் கோடாம், அண்ணை பிறகு சொன்னார். எப்படிப் போவதென்று இருவரும் முதல் நாளே பேசி வைத்திருந்தோம். ஓடுவது அவர், பார்ப்பது நான். பெண்பிள்ளை மோட்டார் சைக்கிள் ஓட்டினால் நகரத்திலிருந்து உரும்பிராய் வரை கடையெல்லாம் பூட்டிவிட்டு வந்து பார்த்திருப்பார்கள். அதனால் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். வலப்பக்கம் மாட்டு வண்டில், விலத்துங்கோ. முன்னாலை பள்ளம். மெதுவா, மெதுவா. உந்த நாய் எழும்பாது, சுத்திப் போங்கோ. அந்த எஞ்சின் போடும் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தினேன். ஒரு கிழமையில் அவர் என் குரலுக்குப் பழகிவிட்டார். நான் சொல்லி முடிக்கும் முன்னரே ஹாண்டில் திரும்பியது. நகரத்திலிருந்து எங்கள் படலை வரை, ஒவ்வொரு நாளும், ஐந்து வருஷம்.

ரோட்டுக்கரையில் இருந்தவர்களுக்கு அதில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதுமாயிருந்தது. அந்த மனிசனுக்குச் சைக்கிளில்கூட நிம்மதியில்லை, சந்தியிலிருந்து வீடு வரை பெண்சாதியின் ஏச்சு என்றார்கள். உழைக்கிற திமிர் என்றார்கள். கந்தோரில் அவருக்குப் புத்தி சொன்னார்கள், ஆரம்பத்திலேயே அடக்கியிருக்க வேண்டுமென்று. உண்மையில் நான் கலியாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூடக் கேட்காத குரலில் ஓமென்று சொன்னவள். ஒருநாள் அவர், எல்லாரிடமும் சொல்லிவிடவா என்று கேட்டார். தங்கச்சியின் காரியம் முடியட்டும் என்றேன். அன்று பகல் வெளிச்சத்தில், எல்லாம் தெளிவாகத் தெரிகிற நேரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தார்.

தங்கச்சிக்கு ஒரு இடம் சரிவந்தது. அளவெட்டிப் பக்கத்து நல்ல குடும்பம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, எங்களுக்குத் தெரியாமல் ஒழுங்கையில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள். காலை பத்து மணி. என் கணவர் படலைவரை போய், வந்தவர்களின் முகங்களைப் பார்த்துச் சிரித்து, ஒவ்வொருவராக அழைத்து வந்தார். நான் கோப்பித் தட்டத்தோடு குசினி வாசலில் நின்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். எல்லாம் திருப்தியாம். ஒரு விஷயம்தான் காதில் விழுந்ததாம். வீட்டுக்கு வந்த மருமகள் கொஞ்சம் வாய் கூடின ஆள் என்று சொல்கிறார்கள், அந்தப் பழக்கம் பெண்ணுக்கும் தொற்றியிருக்குமோ என்று மாப்பிள்ளையின் தாய் யோசிக்கிறாராம்.

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். மாமா சீலிங்கைப் பார்த்தார். என் கணவர் வாயைத் திறந்தார். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவர் வாய் மூடிக்கொண்டது.

“ஓம்,” என்றார் மாமி. “எங்கடை வீட்டிலை இருக்கிறது அந்த ஒரு குறைதான். என்ரை மகள் அப்பிடியில்லை.”

பெரியப்பாவுக்கு அந்த நேர்மை மிகவும் பிடித்துவிட்டது. ஒளிக்காமல் சொன்னீர்களே, இந்தக் காலத்தில் யார் சொல்கிறார்கள் என்றார். அங்கேயே நாள் குறிப்பது பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். பெரியப்பாவிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் கோப்பி கொடுத்தேன், ஒரு சொல்லும் கதைக்காமல்.