சர்க்கரை போட்ட கலர்

மூக்கண்டப்பள்ளியில் மற்ற தாய்மார் கடைவாசலில் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து, கலர் குடித்தால் பல் சொத்தையாகும் என்று மிரட்டிக்கொண்டிருப்பார்கள். வீரலட்சுமி மட்டும் கடைக்காரரிடம், சர்க்கரை போட்ட கலராகப் பார்த்துக் கொடுங்கள் என்பாள். அவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும். அவர் வீட்டுப் பிள்ளைகள் முட்டையும் பருப்பும் தின்று வளர்கிறார்கள், அவருக்கு என்ன தெரியும்?

அவளுடைய ஆறு வயது மகள் சுப்ரியாவுக்குப் பருப்பு ஆகாது. பால் ஆகாது, முட்டை ஆகாது, சோறுகூடத் தராசில் நிறுத்துத்தான். புரதத்தில் இருக்கும் ஒரு சத்தை உடைக்க அவள் உடம்புக்கு வராது. உடையாமல் சேர்ந்தால் அது மூளையைக் கெடுக்கும். பிறவிக் கோளாறு. இதற்குச் சர்க்கரையால் கெடுதல் இல்லை. ஆனால் சர்க்கரைக்குப் பதிலாகச் சில கலர்களில் செயற்கை இனிப்பு ஒன்றைப் போடுகிறார்களே, அதற்குள் அந்தச் சத்து ஒளிந்திருக்கிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்று அந்தப் பாட்டில்களில் ஆங்கிலத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும். கோவில்பட்டிப் பக்கம் பத்தாவது வரை படித்த வீரலட்சுமிக்கு அந்த வரி எந்த மூலையில் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

இதெல்லாம் அவள் மூத்தவளால் கற்றுக்கொண்டது. ரேவதிக்குப் பதினோரு வயது. பேச்சு கிடையாது. அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஊட்டினால் சாப்பிடுவாள், இல்லையென்றால் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் இதே கோளாறுதான் என்று பெங்களூரில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தபோது அவளுக்கு நாலரை வயது, வீரலட்சுமியின் வயிற்றில் சுப்ரியா. அதுவரை பாலும் பருப்பும் முட்டையுமாகப் பார்த்துப் பார்த்து ஊட்டியது வீரலட்சுமியின் கைதான். பிள்ளை தேற வேண்டுமே என்று கூட ஒரு கவளம் வைத்த கை.

பயந்த பெண்ணுக்குப் பொருத்தமான வேலைதான் வாய்த்தது. சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். ஷிப்டு தொடங்கியதும் மெஷினிலிருந்து வரும் முதல் பீஸை எடுத்து வரைபடத்தோடு வைத்துப் பார்ப்பாள். அது சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவாள், லைன் ஓடும். ஒன்பது வருஷமாக இந்தப் பழக்கம்.

ஆயுத பூஜைக்கு எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் கருப்பசாமிக்கு அவருடைய கம்பெனியில் பூஜை என்பதால் இரண்டு பெண்களையும் வீரலட்சுமியே அழைத்து வந்தாள். மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, பிள்ளைகளுக்குச் சுண்டல், லட்டு, கலர் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். சுண்டலும் லட்டும் வேண்டாமென்று சுப்ரியா தானே தலையாட்டிவிட்டாள். கலரைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வீரலட்சுமி டிரேயிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தாள். சர்க்கரை இருந்தது, அந்த வரி இல்லை. பூஜை முடிந்துதான் கொடுப்பார்கள் என்பதால் பாட்டிலை டிரேயிலேயே வைத்துவிட்டாள். "இந்த டிரே சரி, புள்ளைக்குக் குடுக்கலாம்" என்று கூட வேலை பார்க்கும் காவேரியிடம் சொல்லிவிட்டு, ரேவதியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள்.

திரும்பி வந்தபோது பூஜை முடிந்திருந்தது, சுப்ரியாவின் கையில் காலிப் பாட்டில். குப்பையில் போடத்தான் வாங்கினாள். விரல் தானாக அதைத் திருப்பியது. அந்த வரி இருந்தது.

மொத்தக் கடைக்காரன் ஒரே நிறம், ஒரே மூடி என்று இரண்டு வகையையும் கலந்து அடுக்கி அனுப்பியிருந்தான். காவேரி மத்தூர்க்காரி, சூதுவாது தெரியாதவள். முகம் வெளுத்து நின்றாள்.

"நீதானக்கா பாத்து சரின்னு சொன்ன?"

சொன்னது உண்மைதான். ஒயரைப் பார்க்கிற மாதிரி ஒன்றைப் பார்த்து மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டிருந்தாள். சுப்ரியாவைக் குழாயடிக்கு இழுத்துப்போய் வாய்க்குள் விரலை விட்டாள். பிள்ளை குமட்டி அழுததே தவிர ஒன்றும் வெளியே வரவில்லை. பேர் சொல்லு, அப்பா பேர் சொல்லு, பத்து வரைக்கும் எண்ணு என்று வீரலட்சுமி உலுக்கினாள். அழுகைக்கு நடுவே சுப்ரியா எண்ணினாள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மூச்சு வாங்க நின்றபோது வீரலட்சுமிக்கு உயிரே போய்விட்டது.

மூன்றாவது முறை அடித்தபோதுதான் டாக்டரம்மா போனை எடுத்தார். ஒரு பாட்டிலால் மூளைக்கு ஒன்றும் வந்துவிடாது, இன்றைக்குச் சோற்றைக் குறையுங்கள், ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், இனிமேல் கவனமாக இருங்கள் என்றார். வீரலட்சுமி அதையே மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். புரிந்தது. ஆனாலும் போனை வைத்ததும் அந்தக் காலிப் பாட்டிலை மறுபடி திருப்பிப் படித்தாள்.

ஆட்டோவுக்காகக் கம்பெனி வாசலில் நின்றார்கள். ரேவதி அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். சுப்ரியா ரொம்ப நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நானும் அக்கா மாதிரி ஆயிட்டா, அக்காவுக்கு யாரு சோறு ஊட்டுவாங்க?"

"நான் ஊட்டுவேன்."

"நீ இல்லன்னா நாந்தான் ஊட்டணும்னு அப்பாகிட்ட சொன்னியே."

சொல்லியிருந்தாள்தான். பிள்ளை டிவி பார்க்கிறது என்று நினைத்து, நம் காலத்துக்குப் பிறகு மூத்தவளுக்கு இவளை விட்டால் யார் என்று கருப்பசாமியிடம் ஒருநாள் சொல்லி அழுதிருந்தாள். பயம் தன்னோடு இருக்கிறது, பிள்ளைக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது தங்கம்" என்றாள். சுப்ரியா எட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள்.